சொல்லாமல் விடப்பட்ட இடம்: இணைய உறவாடலில் பொருள் மயக்கத்தின் பயன்

திருக்குறளின் 132ஆம் அதிகாரமாகிய புலவி நுணுக்கத்தில் தும்மல் மூன்று குறட்பாக்களில் இடம்பெறுகிறது. ஒன்றில், ஊடி வாய் திறவாதிருக்கும் தலைவியைப் பேச வைக்கும் பொருட்டுத் தலைவன் தும்முகிறான். தும்மியவரை வாழ்த்துவது வழக்கமாதலின், வாழ்த்துவதற்காகவேனும் அவள் பேசுவாள் என்பது அவன் எண்ணம். மற்றொன்றில் அவன் தும்ம, அவள் முதலில் வாழ்த்துகிறாள். உடனே, வேறு எவளோ அவனை நினைத்ததால் வந்த தும்மல் இது என்று ஐயுற்று அழுகிறாள். மூன்றாவதில் அவன் தும்மலை அடக்குகிறான். யாரோ நினைப்பதைத் தன்னிடம் மறைக்கவே அடக்கினான் என்று அதற்கும் அவள் அழுகிறாள்.

தும்மலில் சொல் இல்லை. அது வந்தது, வரவில்லை என்னும் இரண்டே நிலைகள் உண்டு. அவ்வளவு சிறிய குறிப்பிலிருந்து அழைப்பும் ஐயமும் அழுகையும் பிறக்கின்றன. பொருள் தும்மலுக்குள் அடங்கியிருக்கவில்லை. கேட்பவர் தம் உறவைக் கொண்டு அதனை நிரப்பிக்கொள்கிறார். இவ்வாறு ஒரு குறிப்பு பல பொருள்களுக்கு இடந்தந்து நிற்பதை நாம் பொருள் மயக்கம் என்கிறோம்.

இன்று நம் உறவுகளில் பெரும்பகுதி திறன்பேசித் திரையின் வழியே நடைபெறுகிறது. அத்திரையை வடிவமைப்போர் பொருள் மயக்கத்தைப் பிழையெனக் கருதி நீக்குவதா, பயனெனக் கருதிப் பேணுவதா என்பதே இவ்வுரையின் வினா. தொலைவில் இருப்போர் ஒருவரையொருவர் நெருங்குவதற்கு எல்லாவற்றையும் தெரிவித்துவிடும் கருவியைவிட, சிலவற்றைச் சொல்லாமல் விடும் கருவியே பல வேளைகளில் துணைபுரிகிறது என்பதை இங்கு எடுத்துக்காட்டுகளுடன் காண்போம். எங்கே மயக்கம் கூடாது என்பதையும் வரையறுத்துக்கொள்வோம்.

தெளிவு என்னும் விதி

மனிதர் கருவியோடும், கருவியின் வழியாகப் பிற மனிதரோடும் வினையாற்றும் முறையைத் திட்டமிடும் துறை ஊடாட்ட வடிவமைப்பு எனப்படும். பொத்தான் எங்கே அமைய வேண்டும், அழுத்தினால் என்ன நிகழ வேண்டும், நிகழ்ந்ததைத் திரை எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்பன இத்துறையின் வினாக்கள். இத்துறை தொடங்கிய நாள்முதல் அதன் முதல் விதி தெளிவு. வங்கியின் பண இயந்திரத்தில் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதில் ஐயம் இருத்தல் கூடாது. ஜொகூர் பாருவின் குடிநுழைவு வளாகத்தில் எந்தத் தடத்தில் செல்வது என்று ஓர் ஓட்டுநர் தயங்கினால் அவருக்குப் பின்னே வாகன வரிசை நீளும். இத்தகைய இடங்களில் தெளிவே அறம்.

எனினும், பணப்பரிமாற்றத்திற்குப் பொருந்தும் விதியை அப்படியே மனித உறவுக்கும் பொருத்தியபோது சிக்கல் எழுந்தது. 2014ஆம் ஆண்டு நவம்பரில் புலனம் என நாம் வழங்கும் வாட்ஸ்அப் செயலி நீலநிற இரட்டைக் குறியை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்னர்ச் செய்தி சென்று சேர்ந்ததை மட்டுமே சாம்பல்நிற இரட்டைக் குறி காட்டியது. பெற்றவர் அதனைப் படித்தாரா என்பது தெரியாதிருந்தது. நீலக் குறி அந்த ஐயத்தை நீக்கியது. தொழில்நுட்ப நோக்கில் அது முன்னேற்றமே. ஆயினும் அது பயனர்களிடையே பரவலான மனக்குறையை உண்டாக்கிற்று. படித்தும் மறுமொழி தராதவர் என்னும் பழி, அடுப்பில் வேலையாய் இருந்தவர்மீதும், சொல்வதறியாது தயங்கியவர்மீதும், களைத்து உறங்கியவர்மீதும் ஒரே அளவில் விழுந்தது. வெகுவிரைவிலேயே அக்குறியை அணைத்து வைக்கும் வசதியை நிறுவனம் வழங்க நேர்ந்தது.

அவ்வசதியில் கவனிக்கத்தக்க ஒரு நெறி உண்டு. தாம் படித்ததைப் பிறர் அறியாதபடி மறைப்பவர், பிறர் படித்ததையும் அறிய இயலாது. அதாவது மயக்கம் இருபுறமும் சமமாக அமைகிறது. இச்சமநிலை ஏன் இன்றியமையாதது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முகம் என்னும் கருத்து

நீலக் குறியால் மக்கள் இழந்தது யாது என்பதை விளக்க ஒரு மொழியியற் கோட்பாடு உதவுகிறது. அக்கோட்பாடு உருவாவதில் தமிழுக்கும் பங்குண்டு என்பது நாம் மகிழத்தக்க செய்தி. பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இரு அறிஞர்கள் 1978இல் வெளியிட்டு, 1987இல் தனிநூலாக வந்த ஆய்வு, மக்கள் பேச்சில் பணிவை எவ்வாறு புலப்படுத்துகின்றனர் என்பதை ஆராய்கிறது. அவர்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவில் மாயா இனத்தார் பேசும் செல்ட்டால், தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர்த் தமிழ்.

ஒவ்வொருவருக்கும் காக்க வேண்டிய ஒரு 'முகம்' உண்டு என்பது அவர்தம் அடிப்படைக் கருத்து. பிறர் தம்மை விரும்ப வேண்டும் என்னும் வேட்கை அதன் ஒரு பக்கம். தம் விருப்பப்படி இயங்கப் பிறர் தடையாதல் கூடாது என்னும் வேட்கை மறுபக்கம். கேட்பதும் மறுப்பதும் குறை சொல்வதும் இவ்விரண்டில் ஒன்றைத் தாக்குகின்றன. தமிழருக்கு இதனைப் பெரிதும் விளக்க வேண்டுவதில்லை. முகம் கோணுதல், முகம் வாடுதல், முகத்தை முறித்தல், முகத்தாட்சணியம் எனப் பல வழக்குகள் நம்மிடம் உள்ளன. விருந்தினரின் மென்மையைச் சொல்ல வந்த வள்ளுவரும் மலரைக் காட்டிலும் விரைந்து வாடுபவர் என முகக்குறிப்பையே ஏதுவாக வைத்தார்.

முகத்தைக் காக்கும் வழிகளுள் ஒன்றாக அவ்வாய்வாளர்கள் குறிப்பாற் பேசுதலை வகைப்படுத்தினர். வீட்டுக்கு வந்த பெரியப்பா, "வெயிலில் வந்தது தலையை வலிக்கிறது" என்கிறார். அது தேநீர் வேண்டும் என்னும் கேள்வியாகவும் இருக்கலாம். வெறும் செய்தியாகவும் இருக்கலாம். வீட்டில் பால் இருந்தால் தேநீர் வரும். இல்லையேல், "சற்று ஓய்வெடுங்கள் பெரியப்பா" என்னும் மறுமொழி வரும். கேட்டவருக்கும் மறுத்தவருக்கும் முகவாட்டம் இல்லை. ஏனெனில் கேள்வியும் மறுப்பும் வெளிப்படையாக நிகழவே இல்லை.

இக்கோட்பாட்டைத் தொலைத்தொடர்புக் கருவிகளோடு இணைத்துக் காட்டியோர் பால் ஆவோக்கி, அலிசன் உட்ரஃப் என்னும் ஆய்வாளர்கள். கருவியில் அமையும் மயக்கம் மனிதர் தம் செயலுக்குத் தக்க காரணம் கூறிக்கொள்ள இடந்தருகிறது என்று 2005இல் வெளியான தம் கட்டுரையில் அவர்கள் வாதிட்டனர். தொலைபேசி மணி அடித்தும் எடுக்கவில்லையெனில் வெளியே போயிருப்பார், குளித்துக்கொண்டிருப்பார், சமையலறையில் இருப்பார் என்று அழைத்தவரே ஒரு காரணத்தை எண்ணிக்கொள்வார். அக்காரணம் உண்மையா என்று எவரும் ஆராய்வதில்லை. உறவு குலையாதிருப்பதே அதன் பயன். நீலக் குறி பறித்தது இந்த இடத்தைத்தான். ஐயத்தின் பயனைப் பிறருக்கு வழங்கும் பெருந்தன்மைக்கு அங்கே வாய்ப்பு குன்றிவிட்டது.

மூவகை மயக்கம்

மயக்கத்தை வடிவமைப்பின் வளமாகக் கொள்ளலாம் என்னும் கருத்தை முறைப்படுத்தி வழங்கியது, வில்லியம் கேவர், ஜேக்கப் பீவர், ஸ்டீவ் பென்ஃபர்ட் ஆகிய மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை. மயக்கத்தை அவர்கள் மூவகையாகப் பகுத்தனர். தகவலே முழுமையற்றதாய் இருப்பது தகவல் மயக்கம். ஒரு பொருள் தனக்கு வழக்கமில்லாத சூழலில் வைக்கப்படுவது சூழல் மயக்கம். அப்பொருளோடு தமக்குள்ள தொடர்பு யாது, அதனை ஏற்பதா மறுப்பதா என்பதைப் பயனரின் முடிவுக்கே விடுவது உறவு மயக்கம். ஒவ்வொன்றுக்கும் மனிதரை மனிதரோடு சேர்த்த ஒரு சான்றைக் காண்போம்.

தகவல் மயக்கத்துக்கு நாம் நன்கறிந்த சான்று, ஒருமுறை மணியடித்து நிறுத்தப்படும் அழைப்பு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் 'மிஸ்டு கால்' எனப்படுவது இதுவே. காசு செலவாகாது; சொல்லும் இல்லை. எனினும் வீடு வந்து சேர்ந்தேன், கீழே காத்திருக்கிறேன், நீ திரும்ப அழை, உன்னை நினைத்தேன் என எத்தனையோ செய்திகளை அது சுமந்து செல்கிறது. ஆப்பிரிக்க நாடுகளில் நிலவும் இதே வழக்கத்தை ஆராய்ந்த ஜோனத்தன் டோனர், 2007இல் வெளிவந்த கட்டுரையில் அதனை மூன்றாகப் பிரித்தார்: திரும்ப அழைக்கும்படி வேண்டுவது, முன்னரே பேசி வைத்த செய்தியை உணர்த்துவது, வெறுமனே அன்பைத் தெரிவிப்பது. யார் யாரைத் திரும்ப அழைப்பது என்பதற்கும் எழுதாத விதிகள் இருந்தன. வசதி மிக்கவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கருவி தராத இலக்கணத்தைப் பயன்படுத்தியோரே வகுத்துக்கொண்டனர். இந்தியாவில் இவ்வழக்கம் வணிகமாகவும் வளர்ந்தது. பெங்களூருவில் 2010இல் தொடங்கப்பட்ட ஸிப்டயல் நிறுவனம் இத்தகைய அழைப்புகளைக் கொண்டே தொழில் நடத்தியது. 2015இல் அதனை டுவிட்டர் நிறுவனம் வாங்கியது.

இதே எளிமையைத் திட்டமிட்டுச் செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோஃபிஷ் கே என்பவரும் உடன் ஆய்வாளர்களும் பிரிந்து வாழும் இணையர்களுக்கென ஒரு சிறு செயலியை உருவாக்கி, அதன் முடிவுகளை 2005இல் வெளியிட்டனர். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு வட்டம் இருக்கும். ஒருவர் அதனைச் சொடுக்கினால் மற்றவர் திரையில் உள்ள வட்டம் செந்நிறமாக ஒளிரும். நேரம் செல்லச் செல்ல மங்கும். அதற்கு மேல் அச்செயலியில் ஒன்றுமில்லை. இணையர்கள் அந்த ஒரு புள்ளியை நினைவின் அடையாளமாகவும் விளையாட்டாகவும் கொண்டனர். குறளின் தும்மலுக்கும் இவ்வட்டத்துக்கும் இடையே நூற்றாண்டுகள் பல கடந்திருப்பினும் இரண்டும் இயங்கும் முறை ஒன்றே.

சூழல் மயக்கத்துக்குச் சான்று, கிட் கேலோவே, ஷெரி ரபினோவிட்ஸ் என்னும் இரு கலைஞர்கள் 1980 நவம்பரில் மூன்று மாலைப்பொழுதுகளில் நிகழ்த்திய முயற்சி. நியூயார்க் நகரின் லிங்கன் கலை மையத்திலும் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஓர் அங்காடியிலும் தெருவை நோக்கிய பெருந்திரைகளை அமைத்து, துணைக்கோள் வழியே இரண்டையும் இணைத்தனர். ஒரு நகரில் நடந்து செல்வோர் மறு நகரில் நடப்போரை ஆளுயரத்தில் கண்டனர், பேசவும் முடிந்தது. முன்னறிவிப்போ, பெயர்ப்பலகையோ, விளக்கக் குறிப்போ, புரவலர் பெயரோ அங்கில்லை. முதல் மாலையில் வழிப்போக்கர் திகைத்து நின்று, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று ஒருவரையொருவர் வினவினர். அந்த வினாவே உரையாடலின் தொடக்கமாயிற்று. இரண்டாம் மாலைக்குள் செய்தி வாய்வழிப் பரவியது. மூன்றாம் மாலையில், நெடுநாள் கண்டிராத உறவினர்கள் இரு நகரங்களிலும் நேரம் குறித்து வந்து ஒருவரையொருவர் பார்த்தனர். இது யாருடையது, எதற்கானது என்று எழுதி வைத்திருந்தால் பலர் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பர். எழுதாது விட்டதனால் அந்நியர் அந்நியரிடம் கேட்க நேர்ந்தது.

உறவு மயக்கத்துக்குப் பொருந்துவது 2012 மார்ச்சில் வெளிவந்த 'ஜர்னி' என்னும் கணினி விளையாட்டு. ஜெனோவா சென் தலைமையில் ஓர் அமெரிக்க நிறுவனம் அதனை உருவாக்கியது. பாலைவெளியில் தொலைவிலுள்ள மலையை நோக்கி நடப்பதே ஆட்டம். வழியில், உலகின் வேறெங்கோ இருந்து ஆடும் ஒருவர் எதிர்ப்படுவார். அவர் பெயர் தெரியாது. பேசவோ எழுதவோ வழியில்லை. ஓர் இன்னிசை ஒலியை எழுப்ப மட்டுமே முடியும். உதவலாம், உடன் நடக்கலாம், விலகியும் போகலாம். உருவாக்கத்தின் தொடக்க நிலையில் ஒருவரையொருவர் தள்ளும் வாய்ப்பு இருந்தபோது, ஆடியோர் துணைவரைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தனர். வடிவமைப்பாளர்கள் அவ்வாய்ப்பை நீக்கி, அருகில் வந்தால் இருவர்க்கும் ஆற்றல் பெருகும்படி செய்தனர். அதன் பின்னர் அந்நியர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்று வழிகாட்டலாயினர். ஆட்டம் முடிந்த பின்னரே உடன் வந்தவரின் பெயர் திரையில் தோன்றும். மயக்கம் தானாக நன்மை பயப்பதில்லை என்பதும், அதனைச் சூழ்ந்துள்ள அமைப்பே அதனை அன்பாகவோ கேடாகவோ திருப்புகிறது என்பதும் இதிலிருந்து பெறும் பாடங்கள்.

பெயர் சுட்டா மரபு

பெயரை மறைப்பதனால் நெருக்கம் உண்டாதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் நிலைப்பெயர்களே அகப்பாடல்களில் வழங்கும். பெயர் சுட்டினால் அது ஒருவரின் வரலாறு. சுட்டாமல் விட்டால் படிப்பவர் எவரும் அவ்விடத்தில் தம்மை வைத்துப் பார்க்கலாம். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயரும் நமக்குக் கிட்டவில்லை. பாடலில் அவர் ஆண்ட உவமையைக் கொண்டே செம்புலப் பெயல்நீரார் என்று அழைக்கிறோம். முன்பின் அறியாத இருவர் ஒன்றுபட்டதைச் சொல்லும் பாடல் அது.

தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை இடமாகக் கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் உணர்த்தும் உள்ளுறையும் இம்மரபைச் சேர்ந்ததே. குளத்து மீனையும் வயல் நண்டையும் பற்றிப் பேசுவதுபோல் தோழி தலைவனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறாள். அவன் உணர்ந்து திருந்தலாம். உணராதவன்போல் கேட்டிருக்கவும் செய்யலாம். இரண்டிலும் அவன் முகம் காக்கப்படுகிறது. சொல்ல வேண்டியதும் சொல்லப்பட்டுவிடுகிறது.

நாம் வாழும் மண்ணின் மரபும் இதற்கு அணுக்கமானது. மலாய் மக்களின் பந்துன் நான்கடிப் பாடல். முதலிரண்டு அடிகள் 'பெம்பாயாங்'. அவை இயற்கையையோ அன்றாடப் பொருளையோ கூறி நிழலிட்டுக் காட்டும். பின்னிரண்டு அடிகளே 'மக்சூட்' எனப்படும் கருத்து. பெண் கேட்டுச் செல்லும் வீட்டில், தோட்டத்தில் பூத்த மலருக்கு உரியவர் உண்டோ என்று வினவுவது மலாய் வழக்கம். மறுக்க வேண்டியிருந்தால் மலரைப் பற்றியே பேசி மறுக்கலாம். இரு வீட்டாரும் நட்புக் குன்றாமல் பிரியலாம். மலேசியாவும் இந்தோனேசியாவும் கூட்டாக முன்வைத்த பந்துனை யுனெஸ்கோ 2020இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் அண்டை வீட்டாராய் வாழும் ஜொகூரில் குறிப்பாற் பேசும் நாகரிகம் எவருக்கும் அயலானதன்று.

கடற்பாலம் அடைபட்ட நாள்கள்

இவையெல்லாம் எந்த அளவுக்கு வாழ்க்கைக்கு வேண்டியவை என்பதை ஜொகூர் மக்கள் அண்மையில் நேரடியாக அறிந்தனர். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. அக்கரையில் வேலை, இக்கரையில் வீடு என்பது நம் குடும்பங்கள் பலவற்றின் அன்றாட நிலை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது அந்த அன்றாடப் போக்குவரத்து நின்றது. இடையில் சிலருக்கு மட்டும் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டன. 2021 நவம்பர் 29இல் தடுப்பூசி செலுத்திக்கொண்டோர்க்குத் தரைவழி பேருந்துப் பயணம் தொடங்கியது. 2022 ஏப்ரல் 1இல்தான் எல்லை முழுமையாகத் திறந்தது. கண்ணுக்கெட்டும் கரையில் இருந்தவரை ஈராண்டுகளாகத் திரையில் மட்டுமே கண்டோர் பலர்.

அத்தகைய பிரிவில் ஒவ்வொரு நாளும் பேசுவதற்குப் புதிய செய்தி இருப்பதில்லை. இரவுப்பணி முடித்து அறைக்குத் திரும்பிய மகனிடம் நீண்ட காணொலி உரையாடலைக் கேட்பது அவன் மீது சுமையாகும். கேட்காமல் விட்டால் தாய்க்கு மனம் ஆறாது. அவன் இறுதியாக எப்போது இணையத்தில் இருந்தான் என்று செயலி காட்டும் நேரம், அவன் நலமாக இருக்கிறான் என்பதற்கு ஆறுதலும் ஆகும். விழித்திருந்தும் அழைக்கவில்லை என்னும் வருத்தமும் ஆகும். மாறாக, காலையில் ஒரு மலர்ப்படம், உண்ணும் உணவின் ஒரு படம், ஒரு பழைய பாடலின் இணைப்பு ஆகியவை மறுமொழியைக் கட்டாயப்படுத்தாமல் நினைவைத் தெரிவிக்கின்றன. குடும்பக் குழுவில் நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களை இளையோர் எள்ளுவதுண்டு. மேற்கூறிய செவ்வட்டத்தை நினைத்துப் பார்த்தால் அவற்றின் பயன் விளங்கும். இன்றும் எழுந்தேன், உங்களை நினைத்தேன் என்பதே அப்படத்தின் பொருள். படம் வராத நாளில் யாரேனும் அழைத்து விசாரிப்பர்.

எங்கே மயக்கம் கூடாது

மயக்கத்தைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். மருந்தின் அளவு, பணம், வழி, சட்டம், உயிர்க்காப்பு ஆகியவற்றில் மயக்கம் கேடு. உடல்நிலை மோசமான செய்தியைக் குறிப்பால் அனுப்புதல் பண்பாடன்று. ஒருவரின் இசைவைப் பெறுவதிலும் மயக்கம் ஆகாது. ஒப்புதல் தருகிறோமா மறுக்கிறோமா என்று தெரியாதபடி பொத்தான்களை அமைக்கும் செயலிகள் செய்வது வஞ்சகம். வங்கி அதிகாரியென்றும் காவல் துறையினரென்றும் சொல்லித் தொலைபேசியில் பணம் பறிப்போரும் ஒருவகை மயக்கத்தையே கருவியாகக் கொள்கின்றனர்.

இவ்விரண்டையும் பிரித்தறியச் சிலேடை நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருசேரப் பொருந்துமாறு பாடினார். கேட்போர் இரு பொருளையும் கண்டுகொள்ளும்போதுதான் அப்பாடல் சுவைக்கிறது. புலவர் அறிந்ததைக் கேட்போரும் அறிய வேண்டும் என்பதே சிலேடையின் நோக்கம். வஞ்சகத்திலோ இரண்டாம் பொருளை ஒருவர் மட்டுமே அறிவார். மற்றவர் அறிந்துவிட்டால் அவர் திட்டம் குலையும். ஆகவே ஒரு வடிவமைப்பை மதிப்பிடும்போது மூன்று வினாக்களை எழுப்பலாம். மயக்கம் இருபாலார்க்கும் பொதுவானதா? விளக்கம் கேட்க விரும்புவோர்க்கு வழி திறந்திருக்கிறதா? தவறாகப் பொருள்கொண்டால் நேரும் இழப்பு சிறியதா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால் அம்மயக்கம் உறவுக்கு உதவும்.

நாம் செய்யத்தக்கவை

செயலிகளை உருவாக்குவோர் நம்மில் சிலரே. ஆயினும் குடும்பக் குழு, ஆலயக் குழு, பள்ளி முன்னாள் மாணவர் குழு, இணையவழித் தமிழ் வகுப்பு ஆகியவற்றை அமைப்போர் பலர். அவர்களும் ஒருவகையில் ஊடாட்ட வடிவமைப்பாளர்களே. புலனக் குழுக்களில் படித்ததைக் காட்டும் குறியை அணைக்க இயலாது. ஆகவே, படித்தும் மறுமொழி தராதவரைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை என்பதைக் குழுவின் வழக்கமாக்கலாம். இணைய வகுப்பில் எல்லோரும் எப்போதும் முகம் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தாமல், வீட்டுச் சூழலை மறைக்க விரும்பும் மாணவருக்குக் காரணம் கேளாது இடந்தரலாம்.

மூத்தோரைப் பேச வைப்பதற்கும் மயக்கம் துணைசெய்யும். கேவரும் அவருடன் பணியாற்றியோரும் நார்வே, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் மூன்று குடியிருப்புகளில் வாழ்ந்த முதியோரின் வாழ்க்கையை அறிய முற்பட்டனர். அம்முயற்சியை 1999இல் கட்டுரையாக வெளியிட்டனர். வழக்கமான வினாநிரலைத் தவிர்த்து, அஞ்சலட்டைகளும் வரைபடங்களும் ஒருமுறை பயன்படுத்தும் ஒளிப்படக் கருவிகளும் அடங்கிய பொதிகளை வழங்கினர். இன்று நீங்கள் முதலில் காணும் மனிதரைப் படமெடுங்கள், சலிப்பூட்டும் ஒன்றைப் படமெடுங்கள் என்பன போன்ற குறிப்புகள் அக்கருவிகளில் இருந்தன. சரியான விடை இன்னதென்று இல்லாமையால் முதியோர் தயங்காமல் தத்தம் வாழ்வைக் காட்டினர்.

ஜொகூரில் இதற்குப் பெருந்தேவை உண்டு. கூலாய், குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களின் தோட்டங்களில் ஒன்றாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று நகரங்களில் சிதறி வாழ்கின்றன. தோட்ட வாழ்வை நேரில் கண்ட தலைமுறை மூப்படைந்து வருகிறது. "உங்கள் தோட்டத்தின் வரலாற்றை எழுதி அனுப்புங்கள்" என்று தெளிவாகக் கேட்டால், எழுதப் பழகாத மூதாட்டி வாளாவிருப்பார். மாறாக, ஒரு பழைய படத்தைப் பெயரும் ஆண்டும் இடாமல் குழுவில் வைத்து, இது எந்த லயம், மரத்தடியில் நிற்பவர் யார் என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார், மற்றவர் மறுப்பார், மூன்றாமவர், அவர் என் மாமா என்று குரற்பதிவு அனுப்புவார். விடுகதை போட்டவர் விடையை மறைத்து வைப்பது, கேட்பவரை அவிழ்க்க அழைப்பதற்காகவே. பெயரிடாத படமும் அவ்வாறு அழைக்கும். பெறும் விடைகளைப் பின்னர்த் தொகுத்து, உரியவரின் இசைவோடு, பெயரும் ஆண்டும் ஊரும் தெளிவுறக் குறித்து வைத்தல் வேண்டும். ஆவணத்துக்குத் தெளிவும் அழைப்புக்கு மயக்கமும் பொருந்தும்.

தொழில்நுட்பம் நாளுக்கு நாள் நம்மைப் பற்றிக் கூடுதலாக அறிவிக்க முனைகிறது: எங்கே இருக்கிறோம், எப்போது விழித்தோம், எதைப் படித்தோம் என்பவை எல்லாம் பிறர் திரைக்குச் செல்கின்றன. இவற்றுள் எவை பிறருக்குத் தெரிய வேண்டும் என்பதை நிறுவனங்களின் முடிவுக்கே விடாமல், நம் மொழியும் மரபும் வளர்த்த நாகரிகத்தைக் கொண்டு நாமும் தீர்மானித்தல் வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் குழு நடத்துநரும் தத்தம் திறன்பேசியின் அமைப்புகளை ஒருமுறை திறந்து பார்த்து, இதனால் யாருடைய முகம் வாடும் என்று எண்ணிப் பார்ப்பது அதற்கு நல்ல தொடக்கமாகும்.